மதுரைக்கு வந்த தராசு குறைத்துக் காட்டினால்: அறிகுறிப்படி பிழை நீக்கும் வழிமுறை

தெற்காவணி மூல வீதியிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வருஷா வருஷம் வருகிற புகார் இது. டெல்லியிலிருந்து புதுத் தராசு வந்து இறங்கும். பெட்டிக்குள்ளேயே கம்பெனி சோதனைச் சான்றிதழ் இருக்கும். பிரித்து வைத்து 100 கிராம் படிக்கல்லைப் போட்டால் 99.90 என்று நிற்கும். லாரியில் போட்டு உருட்டியிருப்பார்கள், லோடு செல் (உள்ளே பாரத்தை உணரும் உறுப்பு) அடிவாங்கிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே மேசையில் வைத்துப் பார்த்தால் 100.00. 'பழுது இல்லை' என்று சீட்டு ஒட்டி அதே பெட்டி திரும்பி வரும். இங்கே வைத்தால் மறுபடியும் 99.90. போக வர லாரி வாடகைதான் மிச்சம்.

தராசில் பழுது இல்லை என்பதும் நிஜம், இங்கே குறைகிறது என்பதும் நிஜம். டெல்லியில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.791 மீ/வி². மதுரையில் சுமார் 9.781. ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. 100 கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.10 கிராம். மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ நிறுப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அவர் தராசு அவ்வளவு நுணுக்கமாகக் காட்டவும் காட்டாது. தங்கம் நிறுப்பவருக்கு அப்படி விட முடியாது.

உங்கள் தராசு எதைக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பில் வரும் குமிழ் சோதனையை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

அறிகுறி: எந்த எடை வைத்தாலும் ஒரே விகிதத்தில் குறைகிறது

காலித் தட்டில் 0.00 சரியாக நிற்கும். 20 கிராமுக்கு 19.98, 50-க்கு 49.95, 100-க்கு 99.90, 200-க்கு 199.80. கல்லை எடுத்துத் திரும்ப வைத்தாலும் அதே எண்தான். காலையிலும் மாலையிலும் மாறாது. இந்த ஒழுங்குதான் தடயம். பழுதான தராசு இவ்வளவு கட்டுப்பாடாகத் தப்புப் பண்ணாது.

ஆனாலும் உடனே புவியீர்ப்பின் மேல் பழி போடாதீர்கள். இதே மாதிரி, இதே விகிதத்தில் குறைக்கிற இன்னொரு ஆள் உண்டு: சரிவு. தராசு சாய்ந்திருந்தால் கல்லின் பாரம் லோடு செல்லின் மேல் நேராக இறங்காது, கொசைன் கணக்கில் குறையும். 1 பாகை சாய்வுக்கு 100 கிராமில் 0.015 கிராம்தான் குறையும். 2.5 பாகை சாய்ந்தால் 0.095 கிராம் போய்விடும். அதாவது டெல்லிக்கும் மதுரைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் ஒரு கோணல் மேசை தந்துவிடும். 20 செ.மீ. அகலமுள்ள தராசில் ஒரு பக்கம் 9 மி.மீ. தாழ்ந்திருந்தாலே இந்தக் கோணம் வந்துவிடுகிறது. பழைய கட்டடங்களின் கடப்பைக்கல் மேடைகளில் இது சர்வ சாதாரணம். பின்பக்கம் இருக்கிற நீர்மட்டக் குமிழைப் பாருங்கள். வட்டத்துக்கு நடுவில் இல்லையென்றால் கால்திருகுகளைத் திருகி நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அதோடு சரியாகிவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

குமிழ் நடுவில்தான் இருக்கிறது, இன்னமும் 99.90 என்றால் அடுத்த சந்தேகம் படிக்கல் மேல். சர்வதேசத் தரத்தில் எம்-1 வகுப்பு 100 கிராம் கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 5 மில்லிகிராம். எஃப்-2 வகுப்புக்கு 1.6 மில்லிகிராம். நாம் தேடுவதோ 100 மில்லிகிராம். கல் ஓரம் உடைந்திருந்தாலொழிய அதன் மேல் இந்தப் பழியைப் போட முடியாது. சந்தேகமாக இருந்தால் பக்கத்துக் கடைக் கல்லை வாங்கி ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டு கல்லும் ஒரே எண்ணைக் காட்டினால் கல்லுக்கு விடுதலை.

மூன்றாவதாக, தராசை எங்கே வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். எந்த ஊரில் பெட்டி கட்டினார்கள் என்பது முக்கியம் இல்லை, கடைசியாக எந்த ஊரில் கல் வைத்து கேலிப்ரேஷன் (தெரிந்த எடையை வைத்து எண்ணைத் திருத்துவது) செய்தார்கள் என்பதே கணக்கு. டெல்லி என்றால் 100 கிராமுக்கு 0.10 கிராம் குறையும். அகமதாபாத் என்றால் 0.06-லிருந்து 0.07 வரை. மும்பைக்கு 0.04. சென்னைக்கு 0.01-ஐ ஒட்டி வரும், கடைசி இலக்கம் அசைவதோடு சரி. ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வகத் தராசு என்றால் 0.30 கிராம் வரை குறையும். அதைப் பார்த்து அலற வேண்டாம். கோயம்புத்தூர் தராசு மட்டும் இங்கே வந்தால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அந்த ஊர் மதுரையைவிட ஒரு பாகை வடக்கே இருக்கிறது, அதனால் ஈர்ப்பு கொஞ்சம் கூட வேண்டும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் உயரம், அதனால் கொஞ்சம் குறைய வேண்டும். இரண்டும் கழிந்துபோகும்.

நீங்கள் பார்க்கும் குறைவு மேலே சொன்ன எண்ணோடு ஒத்துப்போனால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து ரொம்பச் சுலபம்: இங்கேயே கல் வைத்து மறுபடி கேலிப்ரேஷன். தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தட்டு காலியாக, சுழியம் அசையாமல் நிற்க வேண்டும். கேலிப்ரேஷன் விசையை அழுத்தினால் டிஸ்பிளே ஒரு எடையைக் கேட்கும், பெரும்பாலும் 200. அந்தக் கல்லைத் தட்டின் நடுவில் வையுங்கள், எண் நிலைத்ததும் எடுங்கள். அப்புறம் கேட்ட கல்லைத் தவிர மற்ற கற்களையும், 20, 50, 100 என்று போட்டுப் பார்க்க வேண்டும். 200 மட்டும் சரியாகி 50 தப்பாக நின்றால் அது வேறு வியாதி, புவியீர்ப்பு அப்படி ஆள் பார்த்துக் குறைக்காது.

ஒரு எச்சரிக்கை. வியாபாரத்துக்கு வைத்திருக்கிற முத்திரையிட்ட தராசில் இந்த விசை சீலுக்கு அடியில் இருக்கும். சீலை நீங்களே உடைக்கக் கூடாது. உரிமம் பெற்ற பழுதுநீக்குபவரைக் கூப்பிட்டுச் செய்துவிட்டு, சட்டமுறை எடையளவு ஆய்வாளரிடம் மறுமுத்திரை வாங்க வேண்டும். வருடாந்திர ஸ்டாம்பிங் எப்படியும் உண்டு. புதுத் தராசு வாங்கும்போதே இங்கே கேலிப்ரேஷன் செய்த பிறகு முத்திரை என்று வரிசை போட்டுக்கொண்டால் இரண்டு செலவு ஒன்றாகும். விற்கிற டீலரிடமே இதைக் கேட்டு வாங்குங்கள். அவர் செய்து தர வேண்டிய வேலைதான் இது.

விட்டால் என்ன ஆகும்? குறைத்துக் காட்டும் தராசில் விற்றால் கடைக்கு நஷ்டம், அதே தராசில் பழைய நகை வாங்கினால் கொண்டுவந்தவருக்கு நஷ்டம். இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று ஒரு முதலாளி வாதாடினார். ஆகாது, நடுவில் ஆசாரி இருக்கிறார். பட்டறைத் தராசு மதுரையில் சரிபார்த்தது, கடைத் தராசு டெல்லியில் சரிபார்த்தது என்று வையுங்கள். தங்கம் கொடுத்த கணக்கு பட்டறைத் தராசில் 100.00. நகை செய்து முடித்ததும் பட்டறையில் 99.80, சேதாரம் 0.20. அதைக் கடைத் தராசில் வைத்தால் 99.70. சேதாரம் 0.30 ஆகிவிட்டது! அந்த 0.10 கிராமை ஆசாரி எடுக்கவும் இல்லை, அது பட்டறைத் தரையில் சிந்தவும் இல்லை. கொடுக்கல் வாங்கல் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால் இந்தச் சண்டையே வராது.

ஏன் இப்படி?

எலக்ட்ரானிக் தராசுக்குக் கிராம் தெரியாது. தட்டின் மேல் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பது மட்டும்தான் தெரியும். அந்த அழுத்தத்தைக் கிராமாக மாற்ற, கேலிப்ரேஷன் செய்த ஊரின் ஈர்ப்பை வைத்து ஒரு எண்ணால் வகுத்துக்கொள்கிறது. ஊர் மாறினால் அழுத்தம் மாறும், வகுக்கும் எண் மாறாது. தங்கம் அதே தங்கம்தான்.

அழுத்தம் ஏன் மாறுகிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி பதில் உண்டு: "நிலநடுக்கோட்டில் பூமி புடைத்திருக்கிறது, மையத்திலிருந்து தூரம் அதிகம், அதனால் ஈர்ப்பு குறைவு." கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் சிக்கல்.

பூமியின் நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. வித்தியாசம் 21 கி.மீ.க்குச் சற்று அதிகம். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.9 பாகையில், டெல்லி 28.6 பாகையில். இந்த இரண்டு ஊருக்கும் கீழே கடல்மட்டம் பூமியின் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தைக் கழித்துப் பார்த்தால், மதுரை ஏறக்குறைய 4.3 கி.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற விதியை அப்படியே போட்டால் ஈர்ப்பு 0.013 மீ/வி² குறைய வேண்டும். அகலாங்கினால் (அட்சரேகையால்) வரும் உண்மையான வித்தியாசம் சுமார் 0.010 மட்டும். ஒரே காரணமே தேவைக்கு மேல் கொடுத்துவிட்டது! பூமி சுழல்வதால் வரும் பங்கை இதோடு கூட்டினால் 0.020 ஆகிவிடும், உண்மையைப் போல இரண்டு மடங்கு.

எங்கே இடிக்கிறது? சுழற்சியில் தப்பு இல்லை. மதுரை மண் மணிக்கு 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சுழலும் எதுவும் வெளியே விலகப் பார்க்கும். அந்த விலகல் இங்கே ஈர்ப்பில் 0.033 மீ/வி² அளவைத் தின்கிறது. டெல்லி அச்சுக்கு இன்னும் கிட்டத்தில் சிறிய வட்டத்தில் சுற்றுகிறது, அதோடு அங்கே விலகலின் திசை ஈர்ப்புக்கு நேரெதிராகவும் இல்லை; ஆகவே 0.026 மட்டும் போகிறது. கழித்தால் 0.007. மொத்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சுழற்சியின் வேலை. பாடப்புத்தகம் சொல்லும் புடைப்புக்கு மீதி மூன்றில் ஒரு பங்குதான்.

அந்தப் புடைப்பு ஏன் 0.013 தராமல் 0.003 சொச்சம் மட்டும் தருகிறது? வெறும் காற்றில் 4.3 கி.மீ. உயரத்துக்கு ஒரு ஏணி வைத்து ஏறி நின்றால் நிஜமாகவே 0.013 குறையும். மதுரைக்காரர் ஏணியில் நிற்கவில்லை. அந்தக் கூடுதல் உயரம் முழுக்கப் பாறையாக அவர் காலுக்குக் கீழேயே இருக்கிறது, நிலநடுக்கோட்டைச் சுற்றி வளையமாக. அந்தப் புடைப்பின் பொருளும் அவரை இழுக்கிறது. தூரம் பிடுங்கியதில் பெரும்பங்கை அந்த இழுப்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 என்ற எண்களுக்கு இடையிலும் இதே கணக்குதான்: மொத்தம் 0.052, அதில் சுழற்சி 0.034, புடைப்பு 0.018. புடைப்பு வந்ததே சுழற்சியால் என்பதால், ஆதி காரணம் ஒன்று என்றும் சொல்லலாம். மாணவர்களுக்கு அந்த ஒரு வரிப் பதிலைச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

இன்னொன்று, அகலாங்கோடு ஈர்ப்பு சீராகக் கூடுவதில்லை. சைன் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே மெதுவாக, 45 பாகையை ஒட்டி வேகமாக, துருவத்தருகே மறுபடி மெதுவாக. அதனால்தான் கன்னியாகுமரியிலிருந்து மதுரை வரை வந்தால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை; மதுரையிலிருந்து டெல்லி போவதற்குள் இவ்வளவு கூடிவிடுகிறது.

அறிகுறி: அதே விகிதத்தில், ஆனால் கூட்டிக் காட்டுகிறது

100 கிராமுக்கு 100.10 என்றால் இரண்டு வழி. மதுரையில் சரிபார்த்த தராசை டெல்லிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து போன் செய்கிறார்கள் என்பது ஒன்று. அங்கே கேலிப்ரேஷன் செய்யச் சொல்லுங்கள், முடிந்தது.

மற்றது கொஞ்சம் தந்திரமானது. சில தராசுகளின் மெனுவில் புவியீர்ப்பு எண்ணையே போடும் வசதி உண்டு. தொழிற்சாலை ஊரின் எண்ணும் பயன்படுத்தும் ஊரின் எண்ணும் கேட்கும். கல் கையில் இல்லாதவர்களுக்காக வைத்த வழி அது. நம் ஆட்கள் இரண்டையும் செய்துவிடுவார்கள்: முதலில் இங்கே கல் வைத்துச் சரிசெய்வது, பிறகு அந்த மெனுவில் 9.791-ஐ 9.781 ஆக்குவது. ஒரே குறைக்கு இரண்டு முறை மருந்து, தராசு 0.10 கூட்டிக் காட்டும். கல் இருந்தால் அந்த மெனுவைத் தொடவே வேண்டாம். தொட்டுவிட்டீர்கள் என்றால் இரண்டு ஊர் எண்ணையும் ஒன்றாக்கிவிட்டு, மறுபடி கல் வைத்து கேலிப்ரேஷன் செய்யுங்கள்.

0.01 மட்டும் கூடுகிறது, தராசு பெங்களூரிலிருந்து வந்தது என்றால் அது இயல்பு. பெங்களூரு மதுரைக்கு வடக்கே இருந்தாலும் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இங்கிருப்பதைவிடக் குறைவு.

அறிகுறி: எண் நிலையாக இல்லை, அல்லது மூலைக்கு மூலை மாறுகிறது

இவை எதுவும் புவியீர்ப்பு இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா எடைக்கும் ஒரே 0.10 குறைந்தால் (20-க்கு 19.90, 200-க்கு 199.90) சுழியம் நகர்ந்திருக்கிறது, டேர் (சுழியமாக்கும் விசை) அழுத்துங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு எண்ணும் நடுவில் ஒரு எண்ணும் வந்தால் தட்டு தாங்கியோ லோடு செல்லோ கோணியிருக்கிறது. காலையில் ஒன்று, ஏசி போட்டபின் ஒன்று என்றால் வெப்பம். கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தால் மேலே சுற்றும் மின்விசிறியைப் பாருங்கள்.

அமாவாசை அன்று எடை குறைகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சந்திரனும் சூரியனும் இழுப்பது உண்மை, அந்த இழுப்பு ஈர்ப்பை மாற்றுவதும் உண்மை. ஆனால் 100 கிராமில் அந்த மாற்றம் 0.03 மில்லிகிராமைத் தாண்டாது. 10 மில்லிகிராம் வரைதான் காட்டும் தராசுக்கு அமாவாசை, பௌர்ணமி எல்லாம் ஒன்றுதான்.

அறிகுறி: இரண்டு தட்டுத் தராசு சரி என்கிறது, எலக்ட்ரானிக் குறை என்கிறது

இரண்டு தட்டுத் தராசை நம்புங்கள். ஒரு தட்டில் தங்கம், மறு தட்டில் கல். இழுப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே குறையும், முள் நடுவில்தான் நிற்கும். டெல்லியிலும் மதுரையிலும் நிலாவிலும் அதே விடைதான். புது எலக்ட்ரானிக் தராசைச் சந்தேகப்பட்டால் தாத்தா காலத்துப் பித்தளைத் தராசைத் தூசி தட்டி எடுத்து ஒப்பிடலாம், அதன் முள்ளும் அச்சும் தேயாமல் இருந்தால். வில் தராசு இதற்கு நேரெதிர். எலக்ட்ரானிக் தராசைப் போல அதுவும் இழுப்பையே அளக்கிறது, ஆகவே அதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: கொடைக்கானல் கிளைக்கு அனுப்பியதும் குறைகிறது

அகலாங்கு இங்கே குற்றவாளி இல்லை. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் வடக்கு தெற்காகப் பெரிய தூரம் இல்லை. உயரம்தான். 2,000 மீட்டருக்கு மேல் ஏறும்போது மையம் தூரமாகிறது. காலடியில் உள்ள மலை கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. மிஞ்சும் குறைவு 100 கிராமுக்கு 0.04-லிருந்து 0.06 கிராம் வரை. அங்கேயே கல் வைத்துச் சரிசெய்யுங்கள்.

ஆய்வக நுண்தராசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாடி ஏறினாலே தெரியும். 3.5 மீட்டர் உயரத்துக்கு ஈர்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும், 200 கிராமில் 0.2 மில்லிகிராம். தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மாற்றினால் நான்காவது தசம இலக்கம் நகர்வது அதனால்தான். உள்ளேயே கல் வைத்த தராசு என்றால் ஒரு விசை அழுத்தினால் தானே சரிசெய்துகொள்ளும்.

அறிகுறி: ஊசல் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது

காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் இன்னும் ஓடுகிற சுவர்க் கடிகாரங்களுக்கு இது. தராசு வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தக் கதையே கடிகாரத்தில்தான் தொடங்கியது. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் நேரம் திருத்திய ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேன் ஊருக்குக் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைதான். கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. ஊசலைக் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுக்கிய பிறகுதான் நேரத்துக்கு வந்தது. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சிலர் தள்ளிவிட்டார்கள். நியூட்டன் தள்ளவில்லை, 1687-இல் வந்த தன் நூலில், சுழலும் பூமி நடுவில் புடைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். நம் பக்கத்திலும் ஊசலைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1821-இல் மதராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் அளந்தார். 1865 முதல் நில அளவைத் துறையின் பசேவி இந்தியா நெடுக ஊசல்களைச் சுமந்து அளந்துகொண்டே போய், 1871-இல் லடாக் மேட்டுநிலத்தில் அந்த வேலையின் நடுவிலேயே இறந்துபோனார்.

சரி, உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். லண்டனில் நேரம் வைத்த கடிகாரம் மதுரையில் நாளுக்கு 2 நிமிஷம் 15 வினாடி அளவுக்குப் பின்தங்கும். டெல்லியில் வைத்தது என்றால் 44 வினாடி. சித்திரை வெயிலில் மட்டும் நாளுக்கு 5, 8 வினாடி போகிறது, மார்கழியில் சரியாகிவிடுகிறது என்றால் அது கம்பி நீள்வது. 10 பாகை வெப்பம் கூடினால் எஃகுக் கம்பிக்கு 5 வினாடி, பித்தளைக்கு 8 வினாடி. குண்டுக்குக் கீழே இருக்கும் மரையைத் திருகி குண்டை மேலே ஏற்றுங்கள். 25 செ.மீ. ஊசலில் டெல்லிக் குறையைத் தீர்க்க கால் மி.மீ. போதும். ஒரு திருகு, ஒரு நாள் பொறுமை, மறுபடி ஒரு திருகு. மடமடவென்று திருகினால் வேகமாக ஓட ஆரம்பித்துவிடும்.

அறிகுறி: கல்லூரி ஆய்வகத்தில் 9.81 வரவில்லை

வரக் கூடாது. மதுரையில் தனி ஊசல் வைத்து 9.78 எடுத்த மாணவிக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். 9.80665 என்பது 1901-இல் ஒப்புக்கொண்ட பொது எண், எந்த ஊருக்கும் உரிய எண் இல்லை.

அதற்காக 9.78 வந்துவிட்டால் அகலாங்கைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றும் துள்ள வேண்டாம். 1 மீட்டர் ஊசலுக்கு 9.81 என்றால் அலைவு நேரம் 2.006 வினாடி, மதுரையின் ஈர்ப்புக்கு 2.009. 20 அலைவுகளுக்கு வித்தியாசம் 0.06 வினாடிதான், ஸ்டாப்வாட்சை அழுத்தும் கட்டைவிரலே அதற்கு மேல் தடுமாறும். நீளத்தில் 3 மி.மீ. தப்பினால் அதே அளவு பிழை வரும். குண்டின் நடுவரை அளக்காமல் கொக்கி வரை அளப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். வீச்சு 10 பாகைக்குப் போனால் விடை 9.74 வரை இறங்கிவிடும். குறைந்தது 100 அலைவு, 5 பாகைக்குள் வீச்சு, குண்டின் மையம் வரை நீளம்: இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் 9.78-க்கும் 9.81-க்கும் இடையே பேசவே முடியும்.

அறிகுறி: ஜிபிஎஸ் மதுரையைக் கடல் மட்டத்துக்கு இறக்கிவிட்டது

தராசு சமாச்சாரம் இல்லை என்றாலும், மனை அளப்பவர்கள் இதையும் புவியீர்ப்புக் கணக்கில் கொண்டுவந்து கேட்கிறார்கள். கருவி பழுது இல்லை. ஜிபிஎஸ் உயரத்தை ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்புக்கு ஏற்ப மேலும் கீழும் போகும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது அந்தக் கோளத்தைவிட 100 மீட்டருக்கு மேல் பள்ளமாக இருக்கிறது, உலகத்திலேயே ஆழமான பள்ளம் அது. நாம் அதன் ஓரத்தில் இருக்கிறோம். ஆகவே இங்கே திருத்தாத ஜிபிஎஸ் உயரம் 90 மீட்டர் அளவுக்குக் குறையும். ராமேஸ்வரம் கடற்கரையில் கழித்தல் குறியே வரும். கருவியின் அமைப்பில் கடல்மட்டத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்துக்கும் அகலாங்குக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, பூமிக்குள் ஆழத்தில் பொருள் பரவியிருக்கும் விதத்தால் வருவது.

எதிலும் அடங்கவில்லையா?

அப்போது லோடு செல்லைச் சந்தேகப்படலாம், சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம். கூப்பிடும்போது "தப்பாகக் காட்டுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். குமிழ் நடுவில் இருக்கும்போது காலித் தட்டு, 20, 50, 100, 200 ஆகியவற்றுக்கு வந்த எண்கள், கல்லின் வகுப்பு, தராசைக் கடைசியாகச் சரிபார்த்த ஊர், அதன்பின் எங்கெல்லாம் மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதிப் பேருக்குப் போனிலேயே வேலை முடிந்துவிடும்.